ஏ-ஃபோரில் வராத வரி

ஈவ்லினுக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அஸ்தினாபுரத்தில் அவள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேருக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பத்தாம் வகுப்பைத் தாண்டவைத்தவள். பிளஸ் டூவில் தொண்ணூற்றாறு. அந்தத் தெம்பில்தான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். மூன்றாம் வருஷத்தில் ரியல் அனாலிசிஸ் என்கிற பாடமும் தோத்தாத்ரி என்கிற பேராசிரியரும் சேர்ந்து வந்து அவளைக் குப்புறத் தள்ளினார்கள்.

தோத்தாத்ரி சார் வலது கையால் போர்டில் எழுதிக்கொண்டே இடது கையால் அழித்துக்கொண்டு போவார். நடுவில் இருப்பதைப் பார்த்து எழுத மனுஷக் கைக்கு வேகம் போதாது. விடைத்தாளில் ஒரு படிக்குக் காரணம் சொல்லவில்லை என்றால் பக்கத்தில் சிவப்பு மையில் 'ஏன்?' என்று எழுதுவார். அது விழுந்துவிட்டால் அந்தக் கேள்விக்கே பூஜ்யம். பின்னால் இரண்டு பக்கம் எழுதியிருந்தாலும் படித்துப் பார்க்க மாட்டார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'ஏன் சார்'.

இதற்குக் கல்லூரியில் பல வருஷமாக ஒரு வைத்தியம் இருந்தது. ஸ்டேஷனுக்கு மேற்கே ஜீவரத்தினம் என்பவரின் ஜெராக்ஸ் கடை. எட்டு வருஷத்துக்கு முன்னால் படித்த ஞானசௌந்தரி என்ற கெட்டிக்காரப் பெண் எப்படியோ சாரின் கைக்கு ஈடுகொடுத்து எழுதிய நோட்டு அவரிடம் இருந்தது. 'தோத்தாத்ரி நோட்ஸ்' என்று கேட்டால் போதும், அறுபத்திரண்டு பக்கம் சுடச்சுட வரும். முதல் வாரமே எல்லோரும் வாங்கிவிடுவார்கள். அப்புறம் வகுப்பில் பேனாவைத் திறக்க என்ன இருக்கிறது? எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். ஒரு கமாவைக்கூட மாற்றக் கூடாது என்பது சீனியர்கள் சொல்லிவைத்த சட்டம்.

ஈவ்லினும் அப்படித்தான் செய்தாள். நவம்பரில் முப்பத்தொன்று வாங்கி ஃபெயில் ஆனாள். மற்ற எல்லாப் பாடமும் பாஸ். இது ஒன்றுதான் அரியர். ஏப்ரலில் இதை முடித்தாக வேண்டும், ஏனென்றால் வண்டலூர் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு பி.எட். சீட் கிடைத்திருந்தது. ஜூன் முதல் தேதிக்குள் அரியர் இல்லை என்று காட்டாவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும். அம்மா ஷீலா அதற்குள் சர்ச்சில் பாதிப் பேரிடம் 'எங்க ஈவ்லின் டீச்சராகப் போறா' என்று சொல்லி முடித்திருந்தாள்.

இந்த முறை மனப்பாடம் மட்டும் போதாது, புரிந்து படிப்போம் என்று ஈவ்லின் உட்கார்ந்தாள். பதினாலாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். ஓர் எண் வரிசை போகப்போக ஒரே இடத்தை நெருங்கினால், அதில் எந்த எண்ணும் ஓர் எல்லையைத் தாண்டாது என்கிற தேற்றம். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குப் பிறகு வருவதெல்லாம் வேலிக்குள் அடங்கும் என்று நோட்ஸ் காட்டியது. அடுத்த பக்கத்தில் 'ஆகவே எல்லாமே அடங்கும், நிரூபிக்கப்பட்டது' என்று முடித்துவிட்டது. எப்படி? மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அம்மாவோடு பல்லாவரம் சந்தைக்குப் போனாள். பழைய மிக்ஸி ஜாருக்காக அம்மா அத்தனை வரிசையையும் அலசிவிட்டு, பஸ் ஏறப் போகும்போது நின்றாள்.

"நுழைஞ்ச உடனே இருந்த நாலு கடையைப் பாக்காம விட்டுட்டோம்டி."

ஈவ்லினுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வேலிக்கு முன்னால் நிற்கும் முதல் சில எண்களை யாரும் பார்க்கவில்லையே! அவை எண்ணிச் சொல்லக்கூடிய சில எண்கள்தான். அவற்றில் பெரியது எது என்று பார்த்து அதையும் வேலியோடு சேர்த்துக்கொண்டால் முடிந்தது. பஸ் டிக்கெட்டின் பின்புறம் அந்த ஒரு வரியை எழுதினாள். மூன்று வருஷப் படிப்பில் அவளாகவே கண்டுபிடித்த முதல் வரி அது. அன்று ராத்திரி சாப்பாடு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

ஏப்ரல் பரீட்சையில் அதே தேற்றம் வந்தது, பத்து மார்க். நோட்ஸில் உள்ளபடி எழுதிக்கொண்டே வந்து, அந்த இடத்தில் தன் வரியையும் எழுதினாள். எழுதிய பிறகுதான் பயம் வந்தது. ஞானசௌந்தரிக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிந்துவிட்டது? எட்டு வருஷமாக எல்லோரும் இது இல்லாமல்தானே எழுதிப் பாஸாகிறார்கள்? அதிகப்பிரசங்கித்தனம் செய்து சீட்டைக் கோட்டைவிடப் பார்க்கிறோமோ? ஸ்கேலை வைத்து, இரண்டு கோடு போட்டு, அந்த வரியைச் சுத்தமாக அடித்தாள்.

ரிசல்ட்டில் முப்பத்துநாலு. ஆறு மார்க்கில் போயிற்று. விடைத்தாள் நகலுக்கு எழுதிப்போட்டு வாங்கினாள். பதினாலாம் பக்கத் தேற்றத்தில், அடித்த வரிக்குப் பக்கத்திலேயே சிவப்பில் 'ஏன்?' என்று இருந்தது. பத்துக்குப் பூஜ்யம்.

ஸ்டாஃப் ரூமில் தோத்தாத்ரி சார் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கரெக்டா எழுதியிருக்கே. நீயே அடிச்சிருக்கே. ஏன்?"

"நோட்ஸ்ல அந்த லைன் இல்ல சார்."

"அது தெரியும். வருஷா வருஷம் எல்லார் பேப்பர்லயும் அந்த லைன் இருக்காது. பாத்துண்டுதான் வரேன்."

ஈவ்லினுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்படியானால் ஒரு நாளாவது வகுப்பில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேவிட்டாள். வருஷா வருஷம் போர்டில் எழுதத்தான் செய்கிறேன், நீங்கள்தான் நோட்ஸ் இருக்கிற தைரியத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்றார் அவர். எழுதிய கையோடு அழிக்கவும் செய்கிறீர்களே என்று இவள் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். அடித்ததற்கு மார்க் போட விதி இல்லை, நவம்பரில் எழுது என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவர் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். ஒரிஜினல் நோட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். ஜீவரத்தினம் மேஷினுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பதினாலாம் பக்கத்தின் அடியில், ஞானசௌந்தரியின் குண்டு எழுத்தில் அந்த வரி இருந்தது. ஈவ்லின் டிக்கெட்டின் பின்னால் எழுதிய அதே வரி.

"இதுல இருக்குற கடைசி லைன் ஜெராக்ஸ்ல வரலையே அண்ணா."

"அது லாங் சைஸ் நோட்டும்மா. ஏ-ஃபோர்ல அவ்ளோதான் வரும். எத்தினி வருசமா எடுத்துகினு போறாங்கோ, ஒருத்தரும் கேக்கலியே."

மளமளவென்று புரட்டினாள். பக்கத்துக்கு ஒரு வரி, சில பக்கங்களில் இரண்டு. அத்தனையும் இல்லாமல்தான் அறுபத்திரண்டு பக்கத்தையும் அவள் இரண்டு தடவை மனப்பாடம் செய்திருந்தாள். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது, அழுகையைவிட ஆத்திரம்தான் அதில் அதிகம்.

அப்போது ஆஷா என்று ஐடி கார்டு மாட்டிய ஒரு பெண் வந்து தோத்தாத்ரி நோட்ஸ் ஒரு செட் கேட்டாள். ஜூனில் மூன்றாம் வருஷம் போகிறவள், முன்கூட்டியே வாங்க வந்திருக்கிறாள். சூடாக வந்த செட்டை ஈவ்லின் கேட்டு வாங்கினாள். ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்து, பதினாலாம் பக்கத்தின் அடியில் விட்டுப்போன வரியைப் பேனாவால் எழுதினாள். இது இல்லாவிட்டால் பத்து மார்க்கும் போய்விடும், மற்ற பக்கங்களையும் இப்படி ஒப்பிட்டு எழுதிக்கொள் என்று பொறுமையாகச் சொன்னாள்.

ஆஷா தலையாட்டினாள். "நீங்க பாஸாயிட்டீங்களாக்கா?"

"இல்ல."

ஈவ்லின் பையை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். பின்னால் ஆஷா தணிந்த குரலில் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"அண்ணா, இதுல அந்த அக்கா ஏதோ கிறுக்கிட்டாங்க. வேற செட் போட்டுக் குடுங்க."

ஈவ்லின் திரும்பிப் பார்க்கவில்லை. போன வருஷம் அவள் வாங்கிய செட்டில் யாராவது இப்படி எழுதியிருந்தால் அவளும் அதையேதான் கேட்டிருப்பாள். மேஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.