மூன்று வாரப் பச்சை

தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர் சைரன். காரின் ஸ்டீயரிங்கில் பொருத்தும் இரும்புத் தண்டுகளைத் தேய்த்து மெருகேற்றும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. பெட்டியில் தண்டு அடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நாற்காலியைப் பிடித்தவள். எட்டு மெஷின் இரைச்சலையும் தாண்டி அவள் குரல் கேட்கும். பட்டப்பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. மனசுக்குள் அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மூன்றாம் மெஷினில் நிற்பவர் அவளுடைய சொந்த அண்ணன். வீட்டில் அவளை ‘பாப்பா’ என்பவர், தொழிற்சாலை கேட்டுக்குள் கால் வைத்தால் ‘மேடம்’ என்பார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு கிடையாது.

அந்த வருஷம் மெஷின்களுக்கெல்லாம் சென்சார் வந்தது. தீப்பெட்டி அளவு, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். மெஷினின் அதிர்வை அளந்து சுவரில் இருந்த பெரிய திரைக்கு அனுப்பும். நல்லபடி ஓடினால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. முதலாளி அவளை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். வரைபடம் படிக்க, கடவுச்சொல் மாற்ற, அறிக்கை எடுக்க எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். சிவப்பு எரிந்தால் மெஷின்காரரிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்பது மட்டும் அந்தப் பாடத்தில் இல்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் நாளே மூன்றாம் மெஷின் சிவந்தது. சொந்தக்காரருக்குச் சலுகை என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. அண்ணனை எல்லோர் முன்னாலும் திரைக்கடியில் நிற்க வைத்து, மெஷினைப் பார்த்தாரா இல்லை கனவு கண்டாரா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுநாள் திரை முழுக்கப் பச்சை. மூன்று வாரமும் அப்படியே. அவள் அதைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்பினாள்.

அப்புறம்தான் கார் கம்பெனி ஒரு பெட்டி தண்டைத் திருப்பி அனுப்பியது. மேற்பரப்பில் நகத்துக்குத் தட்டுப்படும் அலை அலையான கோடுகள். மூன்றாம் மெஷினில் தேய்த்தவை. எங்கள் மெஷின் பச்சையாக இருக்கிறது, உங்கள் அளவுகோலைச் சரிபாருங்கள் என்று அவள் போனில் வாதாடினாள். அவர்களும் விடவில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தர ஆய்வாளர் வருகிறார், சொன்னது பொய்யென்று தெரிந்தால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போகும் என்றார்கள். ஆர்டர் போனால் அந்தப் பிரிவில் நாற்பது பேருக்கு வேலையில்லை.

வியாழன் காலை பத்து மணிக்கு அவள் மூன்றாம் மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தாள். நடுக்கம் முழங்கை வரை ஏறியது. நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். பச்சை. மெஷினைச் சுற்றி வந்தாள். சென்சார் இருந்த இடத்தில் வட்டமாய் ஒரு எண்ணெய்க் கறைதான் இருந்தது.

வாய் உலர்ந்துபோய், மூலையில் இருந்த வாட்டர் கூலருக்குப் போனாள். டம்ளர் கை நழுவி உருண்டது. எடுக்கக் குனிந்தாள். கூலரின் முதுகில் ஒட்டிக்கொண்டு கண் சிமிட்டியது சென்சார். மேலே அவள் கையெழுத்திலேயே ‘3’.

மூன்று வாரமாக அவள் முதலாளிக்குப் படமெடுத்து அனுப்பியது இந்தத் தண்ணீர்ப் பெட்டியின் நலத்தை. இதற்காகத்தான் கார் கம்பெனியோடு மல்லுக்கு நின்றாள்.

அண்ணன் பின்னால் வந்து நின்றார். அவரே பேசட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

“மெஷினைச் சுத்தவிடற பேரிங் தேஞ்சிருக்குன்னு சொல்லத்தான் அன்னிக்கு வாயெடுத்தேன். நீ விடல, பாப்பா.”

கேட்டுக்குள் அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

“இது எத்தனை பேருக்குத் தெரியும்ணா?”

“உன்னைத் தவிர எல்லாருக்கும்.” கொஞ்சம் விட்டுச் சொன்னார்: “சிவப்பு எப்படிப் பச்சையாச்சுன்னு நீ ஒரு நாள்கூடக் கேக்கலியே.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஏழு மெஷின்காரர்களும் தலை குனிந்து, அதிசயமாய் வேலையில் மூழ்கியிருந்தார்கள். தன் குரலுக்கு இவ்வளவு பயமா? கட்டுப்பாடு என்று நினைத்திருந்தாளே! சென்சாரைப் பிடுங்கப் போன கை பாதியில் நின்றது. எடுத்து மெஷினில் ஒட்டிவிட்டால் ஆய்வாளருக்கு எதுவும் தெரியாது. ஆனால் பயந்து மறைப்பதைத்தானே அண்ணனும் செய்தார்?

பதினொரு மணிக்கு வந்த ஆய்வாளரை அவள் நேரே கூலருக்கு அழைத்துப் போனாள். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார். யார் மாற்றியது என்று கேட்டார்.

“சிவப்பு எரிஞ்சா மானத்த வாங்குவேன்னு காட்டினது நான் சார். என் பேரையே எழுதுங்க.”

அவர் நெடுநேரம் எழுதினார். மூன்றாம் மெஷினை நிறுத்தச் சொன்னார். அதில் தேய்த்த அத்தனை தண்டையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஆர்டர் இன்னும் ஒரு மாதத்துக்கு இவர்களிடமே இருக்கும். அவர் திரும்பி வந்து பார்த்த பிறகே மற்றது.

மறுநாள் காலை ஐந்தாம் மெஷின் சிவந்தது. எட்டுப் பேரும் திரையைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்தார்கள். தொண்டை வரை வந்ததை அவள் விழுங்கினாள்.

“என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. கேக்கறேன்.”

ஐந்தாம் மெஷின்காரர் நம்பாமல் பக்கத்து ஆளைப் பார்த்தார். பக்கத்து ஆள் தரையைப் பார்த்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஏழெட்டு நிமிஷம் ஆனது, முதல் வார்த்தை வர.

அதற்குள் அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீரை அவளிடம் நீட்டினார்.

“குடிங்க மேடம். கூலருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. மூணு வாரம் பாத்தோமே.”