முடி இறக்கப் போன பதினான்கு மாதம்

எங்கள் குடும்பத்தை நாடற்ற குடும்பமாக்கியது என் தலைமுடி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நுவரெலியாக் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், அப்படித்தான் முடிந்தது. பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

அப்பா இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அதே லயத்து வரிசை வீட்டில் வளர்ந்து, அதே மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். சுதந்திரத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டிருந்தார். அடுத்த தேர்தலுக்குக் குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டியோடு போனவரைப் பட்டியலில் பேரில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரஜாவுரிமை வேண்டுமானால் மனுப் போட வேண்டுமாம். பிறந்த மண்ணில் இருக்க மனுவா என்று அப்பா கேட்கவில்லை. போட்டார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

விசாரணைக்கு நுவரெலியாவுக்கு அம்மா, அப்பா, நான் மூவரும் போனோம். தோட்டத்துத் தொழிற்சங்கக்காரர் பஸ் ஏறும்வரை கூடவே வந்து படித்துப் படித்துச் சொன்னார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கண்ணே. கூட ஒரு வார்த்தை வேணாம்."

அப்பா தலையை ஆட்டினார். ஆனால் சாமி விஷயம் என்று வந்துவிட்டால் அவர் வாய்க்குப் பூட்டே கிடையாது.

அதிகாரி சிங்களவர். பக்கத்தில் தமிழில் சொல்ல ஒருவர் இருந்தார். அப்பா தோட்டத்துத் துரை கொடுத்த கடிதத்தை வைத்தார், தன் பிறப்புப் பதிவை வைத்தார். கடைசியாகப் பையிலிருந்து, சுவரில் மாட்டியிருந்த படத்தையே சட்டத்தோடு எடுத்து வைத்தார். அம்மா மடியில், மொட்டைத் தலையில் சந்தனம் பூசி நான் உட்கார்ந்திருக்கும் படம். பிள்ளைக்கு அத்தாட்சி வேண்டும் என்று அவராக நினைத்துக்கொண்டார்.

அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கே எடுத்தது என்று கேட்டார்.

"எங்க கொலசாமி கோயில்லங்க. முசிறிக்குப் பக்கத்துல."

உங்கள் மனைவி அங்கே எவ்வளவு காலம் இருந்தார் என்பது அடுத்த கேள்வி. அப்பா முகம் மலர்ந்துவிட்டது.

"தலைப்பிரசவம் தாய் வீட்லதானேங்க? ஏழாம் மாசம், தையில போனாங்க. புள்ள பங்குனியில பொறந்துச்சு. எங்க சாமிக்கு மாசி சிவராத்திரிக்குத்தான் முடி எறக்குறது. அதனால அடுத்த மாசி வரைக்கும் இருந்து, எறக்கிட்டுத்தான் வந்தாங்க. மொத முடியோட புள்ளயக் கடல் தாண்டிக் கொண்டாரலாமுங்களா?"

மொழிபெயர்ப்பவர் அதை அதிகாரியிடம் சொல்லுமுன் அப்பா பக்கம் குனிந்தார். அப்பாவின் கண்ணையே பார்த்து மெதுவாகக் கேட்டார். "பதினாலு மாசமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு கை நீட்டுகிறார் என்று பதின்மூன்று வயது எனக்கே புரிந்தது. அப்பாவுக்குப் புரியவில்லை. விரலை மடக்கி எண்ணினார். "ஆமாங்க. முழுசா பதினாலு."

அதிகாரி எழுதினார். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் மனைவி வெளியே இருந்துவிட்டால் குடும்பம் இங்கேயே நிலையாக இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளாதாம். மனுவைத் தள்ளிய கடிதம் தபாலில் வருமாம்.

"அவரு இங்கதானேங்க இருந்தாரு? ஒரு நாளாச்சும் காலைப் பெரட்டுக்குப் போயி பேர் குடுக்காம இருந்திருப்பாரா?" என்றாள் அம்மா. அவள் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

அப்பா மட்டும், "சாமிக்குச் செஞ்சது தப்பாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். அதை மொழிபெயர்ப்பவர் சிங்களத்தில் சொல்லவில்லை.

இடுப்புவரை தொங்கிய என் இரட்டைச் சடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எல்லோரும் என் தலையையே பார்ப்பதாகத் தோன்றியது. நான் இரண்டு மாதம் பிந்திப் பிறந்திருந்தால் கணக்கு பன்னிரண்டு மாதத்தோடு நின்றிருக்கும். இந்தக் கணக்கைத் திரும்பும் வழியெல்லாம் போட்டுக்கொண்டே வந்தேன். படம் அப்பாவின் மடியில் குப்புறக் கிடந்தது. அது மறுபடி சுவருக்கு ஏறவில்லை. அந்த ஆணியில் அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றை மாட்டினாள்.

பத்து வருஷம் கழித்து, இந்தப் பக்கம் இத்தனை பேர், அந்தப் பக்கம் இத்தனை பேர் என்று இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் எங்களைப் பங்கு போட்டுக்கொண்டதாக ரேடியோ சொன்னது. கல்யாண வீட்டில் மிஞ்சின சோற்றைக்கூட நாலு பேரைக் கேட்டுத்தான் பங்கு வைப்பார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. அப்போது என் மகள் கைப்பிள்ளை.

"மாசிக்கு ஊருக்குப் போயி முடி எறக்கிட்டு வந்துருவோம். பதினஞ்சு நாளுதானே" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்பா எழுந்துவிட்டார். மறுநாள் காலையே நாவிதரைக் கூட்டிக்கொண்டு, எங்கள் தோட்டத்து எல்லையில் மரத்தடியில் இருக்கும் கல்லுச்சாமிக்கு முன்னால் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தார். மாசியும் இல்லை, சிவராத்திரியும் இல்லை. நான் பதறிப்போனேன்.

"என்னப்பா இது? கொலசாமி கோவிச்சுக்காதா?"

"சாமி கோவிச்சா பொங்க வச்சு சமாதானம் பண்ணிக்கலாம்மா. கச்சேரிக்கு எதைப் படைக்கிறது?"

அப்பா சாமி காரியத்தில் முறை தவறி அன்றைக்குத்தான் பார்த்தேன். முடி இறக்கியானதும், ஒரு படம் எடுத்து வைக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர்.

"படமெல்லாம் வேணாம்" என்று அப்பா கத்தினார். தோளில் கிடந்த துண்டை உருவிப் பிள்ளையின் மொட்டைத் தலையை அவசரமாக மூடினார்.