அணைத்த பிறகும் எரிந்த விளக்கு

மயூர் விஹாரில் மூன்றாவது மாடி. ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை. என் சம்பளத்தில் நான் வாடகைக்கு எடுத்த வீடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாடகை ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆளும் நான்தான். இதை எழுதும்போது தலை கொஞ்சம் நிமிர்கிறது. நிமிரட்டும்.

அப்பா சொன்னவுடனே வந்துவிட்டார். அம்மாதான் பிடி கொடுக்கவில்லை.

"ஒரு வாரம் இருந்து பாக்கறேன் பாப்பா. புடிக்கலன்னா நம்ம ஜுக்கிக்கே போயிடுவேன். அப்புறம் அழக்கூடாது."

நான் பிறந்து வளர்ந்த அந்த ஜுக்கியை, தகரக்கூரைக் குடிசையை, அம்மாவின் தங்கை மகன் கேட்டுக்கொண்டிருந்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவன். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக அம்மா அவனிடம் சொல்லியிருந்தாள். அவனுக்கு "வந்துக்கோ" என்று சொல்லிவிட்டால் அம்மா எங்களோடு இருப்பாள். "இல்ல" என்றால் அவள் திரும்பிப் போவாள், பின்னாலேயே அப்பாவும் போவார். பிறகு இந்த வீட்டில் நான் மட்டும் இருப்பேன்.

முன்பு குடியிருந்தவர்கள் கூடத்தின் நடுவில் ஒரு பல்பை நீள ஒயரில் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா நடந்தால் நெற்றியில் இடிக்கும். இந்த வீட்டில் அம்மாவுக்குப் பிடித்த ஒரே பொருள் அதுதான். படுக்கப் போகுமுன் ஸ்விட்சைத் தொட மாட்டாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, பல்பை அழுத்தித் திருகிக் கழற்றி, அலமாரியில் வைத்துவிட்டுத்தான் படுப்பாள்.

எங்கள் ஜுக்கி வரிசையில் எல்லோரும் அப்படித்தான் விளக்கை அணைப்போம். கம்பத்திலிருந்து இழுத்த ஒயர், அதன் நுனியில் ஒரு ஹோல்டர். ஸ்விட்ச் என்று ஒன்று கிடையாது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த ஒயரில் பிடித்த தீ, வரிசையில் பாதி வீடுகளைக் கரியாக்கியது. எங்கள் வீடு தப்பியது. அதிலிருந்து, பல்பு கைக்கு வந்தால்தான் அம்மாவுக்கு அது அணைந்த மாதிரி.

எனக்கோ அந்தத் தொங்கும் பல்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அம்மா வேலை செய்யும் வீடுகளில் விளக்கு கூரையோடு ஒட்டி, வட்டமாக, தட்டு மாதிரி இருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி அவற்றைத் துடைப்பவள் அம்மாதான். அப்படி ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கடைக்காரர், "மாட்டித் தர மிஸ்திரியை அனுப்பட்டுமா பெஹன்ஜி?" என்று இந்தியில் கேட்டார். "நானேதான் மிஸ்திரி, பையா" என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை காலை மேசை மேல் ஸ்டூல் போட்டு ஏறி, கூரையில் துளை போட ஆரம்பித்தேன். அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஆயுசு முழுக்கக் கட்டட வேலை.

"எத்தன வூட்டுக்குத் தளம் போட்டிருக்கேன் தெரியுமா? கான்கிரீட் கொட்டி முடிச்சா எங்க வேல முடிஞ்சுது. அதுக்குக் கீழ என்ன மாட்டறாங்கன்னு ஒருநாளும் பாத்ததில்ல."

"இன்னிக்குப் பாத்துக்கோ."

"எங்க பாக்கறது? கண்ணு பூரா சிமெண்டுத் தூள்."

அம்மா சமையலறை வாசலில் நின்றபடி, "ஆபீசுக்குப் போற பொண்ணு, மாவு மில்லுல வேல செஞ்ச மாதிரி நிக்குது பாரு" என்றாள்.

துளை போட்டு முடித்ததும் மெயினை அணைத்தேன். பழைய ஒயரை வெட்டி, புது விளக்கோடு இணைத்து, டேப் சுற்றி, திருகாணிகளை முடுக்கினேன். மெயினைப் போட்டு ஸ்விட்சைத் தட்டியதும் கூடம் முழுக்க வெள்ளை வெளிச்சம். அப்பா கை தட்டினார்.

இருட்டிய பிறகு அம்மாவையே அணைக்கச் சொன்னேன். ஒரு விரலால், அடுப்பைத் தொடுகிற மாதிரி ஸ்விட்சைத் தட்டினாள். வெளிச்சம் போனது. ஆனால் முழுக்கப் போகவில்லை. கூரையில் அந்த வட்டம் சோகை பிடித்த மாதிரி மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

"அணையல" என்றாள் அம்மா.

"அணைஞ்சிடும். கொஞ்ச நேரம் ஆவும்."

மூன்று பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது அணையவில்லை.

"பல்புன்னா கழட்டி வெச்சிருப்பேன். இத எப்படிக் கழட்டறது? தினம் மேச மேல ஸ்டூல் போட்டு ஏறுவனா?" அம்மாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இதுக்குக் கீழ எனக்குத் தூக்கம் வராது பாப்பா. நாளைக்கு அவன்கிட்ட இல்லன்னு சொல்லிடறேன்."

"நாளைக்குச் சாயங்காலம் சொல்லு. அதுவரைக்கும் பொறு."

அன்று மெயினையே அணைத்துவிட்டுப் படுத்தோம்.

காலையில் டெஸ்டரோடு உட்கார்ந்தேன். பிளக் பாயிண்டில் வலது துளையில் வைத்தால் டெஸ்டர் எரிய வேண்டும். எரியவில்லை. இடது துளையில் எரிந்தது. சமையலறையிலும் அறையிலும் அதேதான். எவரோ மெயின் பெட்டியை மாற்றியபோது உள்ளே வரும் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி முடுக்கியிருக்கிறார்கள். ஸ்விட்சை அணைத்தாலும் விளக்கு வரை மின்சாரம் வந்து நின்றது; அந்தக் கசிவில்தான் அது மங்கலாக எரிந்தது. அம்மா தினமும் பல்பைக் கழற்றி வைத்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வில் இதே கேள்வி வந்தது. ஸ்விட்சை ஏன் மின்சாரம் வரும் கம்பியில் பொருத்த வேண்டும்? வீட்டில் ஸ்விட்சே இல்லாத நான் அதற்குப் பதில் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பதில் இப்போது என் கையில் டெஸ்டராக எரிந்தது.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "தண்ணி பைப்பு மாதிரி நெனச்சுக்கோ. தண்ணி வர்ற பக்கம்தான மூடணும்? இங்க வெளிய போற பக்கத்த மூடி வெச்சிருக்காங்க. அதனால உள்ள பூரா தண்ணி நிக்குது."

"அப்போ நேத்து நான் சொன்னது சரி."

"சரிதான்."

"எழுதிக் குடு" என்றாள். அப்பா சிரித்துவிட்டார்.

ஒயரை மாற்ற, கீழே மீட்டரிலேயே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அப்பா கீழே போய் எங்கள் மீட்டரை அணைத்துவிட்டு, யாரும் போட்டுவிடாதபடி அதன் முன்னாலேயே நின்றார். யாரோ என்ன விஷயம் என்று கேட்டதும், "பேட்டி இன்ஜினியர் ஹை", மகள் இன்ஜினியர், என்று அவர் இந்தியில் சொன்னது மூன்றாவது மாடி வரை கேட்டது. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். திருத்தப் போகவில்லை.

பெட்டியைத் திறந்து, டெஸ்டர் எதிலும் எரியவில்லை என்று பார்த்துக்கொண்டு, இரண்டு ஒயர்களையும் கழற்றி இடம் மாற்றி முடுக்கினேன். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். பிறகு மாடிப்படியில் குனிந்து, "போடுப்பா" என்றேன். இந்த முறை வலது துளையில் எரிந்தது.

ஜன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டேன். "இப்ப அணை."

அம்மா அணைத்தாள். கும்மிருட்டு. கூரையில் ஒன்றுமே இல்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது. போட்டாள், அணைத்தாள். திரும்பப் போட்டாள், அணைத்தாள். மேலே ஏறி வந்த அப்பா வாசலில் தடுமாறி, "வெளையாடினது போதும், லைட்டப் போடு" என்றார்.

அவள் போட்டாள். ஆனால் விளக்கைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். எண்ணெய்க் கறை, பழைய ஆணித் துளைகள், மூலையில் ஒட்டடை. பல்பு வெளிச்சத்தில் இவையெல்லாம் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை; நேற்று மூவரும் கூரையை மட்டும்தான் பார்த்தோம்.

"ஐயே, இவ்ளோ அழுக்குலயா ஒரு வாரமா சோறு துன்னோம்?"

"நாளைக்குத் தொடைச்சிடறேன்மா."

"தொடைச்சா போவாது. பெயிண்டு அடிக்கணும்."

"வீட்டுக்காரர்கிட்ட கேக்கணும்."

"கேளு. அதுக்குத்தான உன்னப் படிக்க வெச்சது." போனை எடுத்துத் தங்கை மகனைக் கூப்பிட்டாள். அவன் பேசுவதற்குள் இவளே ஆரம்பித்தாள். "டேய், அடுத்த ஞாயித்துக்கெழம சாமான எடுத்துக்கினு ஜுக்கிக்கு வந்துடு. அதுக்கு முன்ன இங்க ஒரு நாளு வரணும். ஏணி கெடைக்குமா? கூடத்துக்குப் பெயிண்டு அடிக்கணும்டா. என்ன கலரா?" போனைக் காதிலிருந்து எடுக்காமலே நாலு சுவரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "இருடா, யோசிச்சு சொல்றேன்."