பரிசாக வந்த குக்கர்

ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் நான் வேலை செய்தேன். இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் பிறகு வந்த கம்பெனி. லைனில் எனக்கு அடுத்து நின்றவள் வேப்பனப்பள்ளிக்காரி, என்னைவிட இளையவள். வேலை செய்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், தான் கட்டிய கவிதைகளை எனக்குச் சொல்லுவாள். அவள் ஒயரை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொள்வார்.

மகளிர் தினத்துக்குக் கம்பெனியில் கவிதைப் போட்டி வைத்தார்கள். குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். அவள் பெயர் கொடுத்தாள்.

"வேணாம்மா. உங்க வூட்டுக்காரரும் வருவாரில்ல" என்றேன்.

"அதுக்குத்தான்க்கா. வூட்டுக்குள்ள சொன்னா அடி. நாலு பேர் நடுவுல அந்தாளு கேக்கட்டும். கேக்கிறவங்களும் அந்தாள ஒரு பார்வை பாக்கட்டும்."

அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பார்வைதான்.

மேடையில் நின்று சொன்னாள்:

சோறு குழைந்தால் அடி.
விறைத்தால் அடி.
அரிசியே, நீ சொல்,
எந்தப் பதத்தில் என்னை விடுவார்?

எல்லாரும் கை தட்டினார்கள். "என்ன கற்பனை பாருங்க!" என்றார் மைக் பிடித்தவர். முதல் பரிசு குக்கர். கவிஞரின் கணவரும் மேடைக்கு வர வேண்டும் என்று கூப்பிட்டார். அவர் தலையைக் கையால் கோதிக்கொண்டே ஏறினார். குக்கரை வாங்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார்.

திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் ஒருவர், "என்னப்பா, நெசமாவே அடிப்பியா?" என்று அவரைக் கிண்டல் செய்தார்.

"நான் அடிச்சாத்தானே அவளுக்குக் கவித வருது? பரிசுல பாதி எனக்குத்தான்!"

பஸ்ஸே சிரித்தது. பெண்களும்தான். அவள் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். அவளே சொன்னாள்.

"குக்கர்லதான்க்கா இப்ப வைக்கிறேன். சோறு ஒரே பதமா வருது. அடி மட்டும் நிக்கல."

அதையும் கவிதையாக்கினாள். மறு வருஷ மகளிர் தினத்துக்குப் பெயர் கொடுக்கப் போனவளை, இந்தத் தடவை கோலப் போட்டி மட்டும்தான் என்று அனுப்பிவிட்டார்கள். காண்ட்ராக்ட் முடிந்ததும் அவளை மறுபடி எடுக்கவில்லை. எங்கே இருக்கிறாளோ தெரியாது. நோட்டீஸ் போர்டில் அந்தப் போட்டோ மட்டும் இருந்தது. வெளிறிப்போய், கடைசியில் குக்கரும் அவருடைய சிரிப்பும்தான் தெரிந்தன.

அவள் நின்ற இடத்துக்கு, பர்கூரிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணைப் போட்டார்கள். ஒருநாள் ஏனோ அந்த நாலு வரியை அவளிடம் சொன்னேன். நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. கற்பனையா என்றும் கேட்கவில்லை. கையிலிருந்த ஒயரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்புறம் எந்தப் பதத்துலக்கா விட்டாங்க?" என்றாள்.

"தெரியலம்மா" என்றேன்.