திருநெல்வேலி லைனில் டெஸ்மண்ட்

சங்கரன்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தபோது பிரம்மநாயகிக்கு இருபத்தெட்டு வயது. அது 1966. கோவில் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அம்மா முன்பே போய்விட்டாள். அண்ணன் சங்கரராமன் அப்போதுதான் பிலாய் இரும்பாலைக்கு வேலை மாறிப் போயிருந்தான். பார்த்துக்கொள்ள இவள்தான் மிச்சம். இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தாள். அப்பா பதினான்கு வருடம் படுக்கையில் கிடந்தார்.

அதற்கு முன் ஒன்பது வருடம் சென்னையில் அண்ணனோடு பெரம்பூரில் இருந்தாள். அண்ணனுக்கு அப்போது ரயில்வே பட்டறையில் வேலை. அதே பட்டறையில் டெஸ்மண்ட் என்று ஓர் ஆங்கிலோ இந்தியன் ஃபிட்டராக இருந்தான். வருடத்துக்கு ஒரு தடவை சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் நடக்கும். அதில் டெஸ்மண்ட் மோட்டார் சைக்கிள் ஓட்டுவான். பட்டறையே திரண்டு போகும். அண்ணன் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனான்.

முதல் வருடம் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். இரண்டாம் வருடம் நோட்டும் பென்சிலும் எடுத்துப் போய், யார் எத்தனையாவது சுற்றில் இருக்கிறான் என்று கோடு போட ஆரம்பித்தாள். அந்த எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றுவார்கள். சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த எண்ணெயின் வாடை அங்கே புகையாக வரும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்காது. குடகிலிருந்து வந்த நாணய்யா, வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கால்சட்டை மாட்டுகிற கோயம்புத்தூர் மாரப்பன், டெஸ்மண்ட், மூன்று பேரையும் எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

சங்கரன்கோவிலில் இதை யாரிடம் சொல்ல? கல்யாணம் ஏன் கூடிவரவில்லை என்று கேட்க ஆள் இருந்தது. அப்பாவுக்குப் படுக்கைப் புண் எப்படி என்று கேட்க ஆள் இருந்தது. அண்ணன் முதல் இரண்டு வருடம் கடிதத்தில் பழைய பந்தயங்களைப் பற்றி எழுதினான். பிறகு பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றி மட்டும் எழுதினான். அவள் மனதுக்குள்ளேயே சில நாள் அந்தச் சுற்றுகளை ஓட்டிப் பார்ப்பாள். ஏழாவது சுற்றில் யார் முன்னால் போனது என்பது மறந்துபோனால் அன்றைக்கெல்லாம் ஒரு மாதிரியாக இருக்கும்.

1975 பிப்ரவரியில் ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணி. கடைக்காரர்கள் எல்லாம் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம். திருநெல்வேலி வழியாகச் சென்னைக்கு ஒரு ட்ரங்க் கால் போட்டிருந்தாள். லைன் கிடைப்பதற்காகக் காத்திருந்தபோது, திருநெல்வேலி ஆபரேட்டர் சென்னை ஆபரேட்டரிடம் கேட்பது காதில் விழுந்தது.

“சோழவரத்துல நேத்து யாரு ஜெயிச்சான்னு தெரியுமா சார்?”

சென்னைக்காரர் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.  குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. பிரம்மநாயகி பேசிவிட்டாள்.

“அண்ணாச்சி, நீங்க டெஸ்மண்ட் ஓட்டிப் பாத்திருக்கீங்களா?”

 திருநெல்வேலிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பெரம்பூர் டெஸ்மண்டையா சொல்லுதீங்க?” என்றார்.

அவர் பெயர் வெள்ளத்துரை. சென்னையில் பயிற்சிக்குப் போனபோது மூன்று வருடம் பந்தயம் பார்த்தவர். அன்றிலிருந்து மத்தியானம் லைன் சும்மா இருக்கும்போதெல்லாம் இருவரும் பேசினார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். சூப்பர்வைசர் வந்தால் ஏதாவது நம்பரைச் சொல்லிப் பேச்சை மாற்றுவார்கள். அறுபத்திரண்டாம் வருடம் கடைசி வளைவில் டெஸ்மண்ட் விழுந்ததைப் பற்றி மட்டும் ஒத்துவரவில்லை. பின்னால் வந்த நாணய்யாவைத் திரும்பிப் பார்த்ததால்தான் விழுந்தான் என்பார் அவர். “செயின் அந்துட்டு. வளைவுக்கு நேரா வைக்கோல் கட்டுக்குப் பின்னால நான் நின்னேன்” என்பாள் இவள். மூன்று வருடம் இந்தச் சண்டை ஓடியது.

எழுபத்தெட்டில் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருவதாக வெள்ளத்துரை சொன்னார். பிரம்மநாயகி லீவு போட்டாள். தகரப் பெட்டியிலிருந்து பழைய பந்தய நோட்டை எடுத்து, தூசு தட்டி, காப்பித் தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

குரலைக் கேட்டு நெட்டையான ஆளாக நினைத்திருந்தாள். வந்தவர் குட்டை, நரைத்த தலை, கையில் குடை. கூட அவர் மனைவி பேச்சித்தாய். இவளை ‘எங்க லைன்ல பேசுதவங்க’ என்று மனைவிக்கு அறிமுகம் செய்தார். பிரம்மநாயகி காப்பியும் சேவும் கொடுத்தாள். பேச்சித்தாய் நல்ல மனுஷி. உள்ளே போய் அப்பாவிடம் நலம் விசாரித்தாள். ஒற்றை ஆளாக எப்படித் தூக்கி உட்கார வைக்கிறாய் என்று கேட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளத்துரை ரத வீதியில் நகர முடியாத கூட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

கடைசியில் இவளே ஆரம்பித்தாள். “அண்ணாச்சி மெட்ராசுல இருக்கும்போது சோழவரத்துக்கு...”

“அது எங்க இருக்கு?” என்று பேச்சித்தாய் புருஷனைப் பார்த்தாள்.

“அது ஒரு ஏரி” என்றார் வெள்ளத்துரை. டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பிரம்மநாயகி அதற்கு மேல் பேசவில்லை. நோட்டை எடுக்கவும் இல்லை. அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அப்பாவுக்குத் துணி மாற்றினாள். தெருவில் தபசுக் கூட்டத்தின் சத்தம் நிற்கவே இல்லை.

மறுநாள் இரண்டு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

“எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசு. அவ கூடப்பிறந்த தம்பி மோட்டார் சைக்கிள்ல போயி லாரியில அடிபட்டுச் செத்துட்டான். நான்தான் அவனுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சை வீட்டுல எடுக்கதில்ல.”

  பிறகு அவர், நாணய்யாவின் கையுறை என்ன நிறம் என்று கேட்டார். மஞ்சள் என்றாள். ஆமாம், மஞ்சள்தான் என்றார்.

அடுத்த வருடம் அவருக்கு நாகர்கோவிலுக்கு மாற்றல் ஆனது. இவள் போடுகிற ட்ரங்க் கால் எதுவும் அந்த வழியாகப் போவதில்லை. ஆபீஸ் முகவரிக்குக் கடிதம் எழுதலாம் என்று இன்லேண்டு லெட்டர் வாங்கினாள். தப்பித்தவறி அது வீட்டுக்குப் போய்விட்டால் பேச்சித்தாய் பிரித்துப் படிப்பாளே என்று எழுதாமலே விட்டாள். எண்பதில் அப்பா போய்ச் சேர்ந்தார். பிலாயிலிருந்து அண்ணன் வந்து காரியம் முடிந்த மறுநாளே கிளம்பினான்.

எண்பத்தொன்றாம் வருடப் பந்தயத்துக்கு அவள் தனியாகக் கொல்லம் மெயிலில் ஏறினாள். எழும்பூர் ஸ்டேஷனில் குளித்துவிட்டு, பாரிமுனையில் பஸ் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் சோழவரம் போய்விட்டாள். வண்டிகளின் சத்தம் மெலிந்து, சீறுகிற மாதிரி இருந்தது. ஓட்டுகிறவர்களில் ஒருவர் பெயரும் தெரியவில்லை. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் ஸ்டாப்வாட்சோடு நின்றார். தயங்கித் தயங்கி அவரிடம் டெஸ்மண்டைப் பற்றிக் கேட்டாள்.

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஆஸ்திரேலியா போயிட்டாம்மா. பதினஞ்சு வருஷம் இருக்கும். அங்கே ஏதோ பஸ் ஓட்டறதா சொன்னாங்க” என்றார். மாரப்பன் ஊரில் பம்பு செட் கடை வைத்திருக்கிறாராம். நாணய்யாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது தூரத்திலிருந்து நண்பர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று போனார். அவள் கடைசிப் பந்தயம் முடிந்து கூட்டம் கலைகிற வரை அதே இடத்தில் நின்றாள். அவர் திரும்பவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது, பக்கத்து நாற்காலி ஆபரேட்டர் ஷம்சாத் பேகம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கடையநல்லூர்க்காரி. புருஷன் துபாயில் இருந்தான்.

“எங்கக்கா மூணு நாளா ஆளையே காணும்? முகமெல்லாம் கருத்துப் போயிருக்கு.”

“மெட்ராசுக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம் பாக்கப் போனேன்.”

ஷம்சாத் பேகம் சிரித்துவிட்டாள். “சொல்ல இஷ்டமில்லைன்னா விடுங்க அக்கா” என்று தன் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பனவடலிசத்திரம் ரைஸ் மில்லிலிருந்து மதுரைக்கு ஒரு ட்ரங்க் கால் வந்தது. பிரம்மநாயகி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு திருநெல்வேலியைக் கூப்பிட்டாள். புதிதாக வந்திருந்த பெண் எடுத்தாள். லைன் பிஸியாக இருக்கிறது, காத்திருங்கள் என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.