பஸ் நிறைந்த நாள்

என் அண்ணியை ஊரில் எல்லோரும் தையல்காரம்மா என்பார்கள். பள்ளிச் சீருடை தைத்தே வீடு கட்டியவர். ஆளில்லை என்று பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பள்ளிக்கூடம் இல்லை என்று ஆட்கள் போனார்கள். எது முதலில் என்று கேட்டால் எந்த அதிகாரிக்கும் வாய் திறக்காது. கிளம்புகிறவர்களின் திரைச்சீலைகளைப் போகிற இடத்து ஜன்னல் அளவுக்குச் சுருக்கித் தருவதே பிறகு அண்ணியின் பிழைப்பாகிவிட்டது.

அடுத்து, ஏற ஆளில்லை என்று ஊருக்கு வரும் காலை பஸ்ஸையும் நிறுத்தப் பார்த்தார்கள். என் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுது. அந்த பஸ்ஸில்தான் டயாலிசிஸுக்கு டவுனுக்குப் போய்வந்தார். அது நின்றால் அவர்களும் ஊரைவிட்டுப் போயாக வேண்டும். அண்ணிக்கோ போக மனமில்லை.

பஸ்ஸில் கூட்டம் இருக்கிறதா என்று புதன்கிழமை போக்குவரத்து அதிகாரி வந்து பார்க்கப்போகிறார் என்று கண்டக்டர் அண்ணி காதில் போட்டார். அண்ணி வீடு வீடாக ஏறி இறங்கி, மிச்சமிருந்த அத்தனை பேரையும் கிளப்பினார். கடைக்காரரும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். பஸ்ஸில் எள் போட்டால் எண்ணெயாகும், அவ்வளவு கூட்டம். காது கேட்காத பெரியவர் ஒருவர், யார் வீட்டுக் கல்யாணம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

டவுன் வந்தும் அதிகாரியைக் காணோம். அவர் ஜீப்பில் நேரே ஊருக்குப் போயிருக்கிறார். தெரு முழுக்கப் பூட்டு. இங்கே யாரும் குடியில்லை, பஸ் தேவையில்லை என்று எழுதிவிட்டார்.

அண்ணியோடு நானும் அவர் அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததையெல்லாம் அண்ணி சொன்னார்.

“பஸ் நிறைஞ்சது அன்னைக்கு ஒரு நாள்தானேம்மா?” என்றார் அவர்.

“ஆமா சார். நாங்க ஊர்ல இல்லாததும் அன்னைக்கு ஒரு நாள்தான்.”

அவர் பேச்சை மாற்றினார். டவுனிலேயே குடியிருந்தால் உங்கள் வீட்டுக்காரருக்கு நல்லதுதானே என்று கரிசனம் காட்டினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. எழுதியதை மாற்றச் சொல்லிக் கேட்டோம். எழுதினது எழுதினதுதான் என்றுவிட்டார்.

பஸ் நின்றது. அண்ணி தன் வீட்டுத் திரைச்சீலையைக் கழற்றி, டவுனில் பார்த்திருந்த ஒற்றை அறையின் ஜன்னல் அளவுக்கு வெட்டினார். மிச்சத் துணியை என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். நான் அதை மடித்து வைத்தேன்.

கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, “அந்த அதிகாரியை இப்ப வந்து பாக்கச் சொல்லு. அவர் எழுதினது சரியா இருக்கும்” என்றார்.