பல்ஸ் ஜீரோ

போன மாதம் ஒரு நாள். குளித்து முடித்து, இடுப்பில் துண்டோடு, பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி பாத்ரூமிலிருந்து வெளியே வருகிறேன். ஹாலில் கூட்டம்.

எதிர்வீட்டுக்காரர், அவர் மனைவி, முன்பின் தெரியாத ஓர் ஆட்டோ டிரைவர். நடுவில் என் மனைவி சாந்தா. கையெல்லாம் சாக்பீஸ் தூள். அந்த நேரத்தில் அவள் சேலையூர் ஸ்கூலில் பத்தாம் வகுப்புக்கு சயின்ஸ் நடத்திக்கொண்டிருக்க வேண்டும்.

என்னைப் பார்த்ததும் எல்லார் முகத்திலும் ஓர் ஏமாற்றம்... இல்லை, இல்லை, நிம்மதிதான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். என் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த கதையைத்தான் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாரக்கணக்கில் அளந்திருக்கிறேனே. "இனி தாராளமா நடமாடலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாந்தாதான் நம்பவில்லை. லீவை நீட்டிக்கொண்டே போனாள். பப்ளிக் எக்ஸாம் நெருங்குகிறது, பாடம் பாதியில் நிற்கிறது, "மிஸ், எப்ப வருவீங்க?" என்று பிள்ளைகள் ஃபோன் செய்கிறார்கள். அவளுக்கும் போக ஆசைதான். என்னைத் தனியே விட்டுப் போகத்தான் பயம். நான் தும்மினால் எட்டிப் பார்ப்பாள். தும்மாவிட்டாலும் எட்டிப் பார்ப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் மாடி போர்ஷன் தீபா வந்தாள். இன்ஜினீயரிங் ஃபைனல் இயர். அவளும் சிநேகிதி ஜெனிஃபரும் ஒரு ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தார்கள். நோயாளியின் விரலில் ஒரு கிளிப், இடுப்பில் ஒரு சின்ன டப்பா. அது வயரே இல்லாமல் ஹாலில் இருக்கும் இன்னொரு பெட்டிக்கு நாடித்துடிப்பைச் சொல்லும். துடிப்பில் ஏதாவது கோளாறு என்றால், பெட்டி உடனே குடும்பத்தாரின் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடும்.

"எல்லாம் ரெடி ஆன்ட்டி. பேஷன்ட்தான் கிடைக்கல" என்றாள் தீபா.

"இதோ இருக்காரே" என்றாள் சாந்தா. பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை கிள்ளிக் கொடுப்பது போல என்னைக் கொடுத்துவிட்டாள்.

சாந்தா மறுபடி ஸ்கூலுக்குப் போனாள். கிளாஸில் செல்போன் வைத்துக்கொள்ள ஹெட்மிஸ்ட்ரஸ் தனி அனுமதி தந்தார். கோளாறு இல்லையென்றாலும் 'பேஷன்ட் நார்மல்' என்று அவ்வப்போது எஸ்.எம்.எஸ். போகும். என்னை நார்மல் என்று என் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் சொன்னது அதுதான் முதல் தடவை.

எல்லாம் அந்தக் குளியல் வரைக்கும்தான். வழக்கமாக சாந்தா கிளம்புவதற்கு முன்பே குளித்துவிடுவேன். அன்று சோம்பல். கிளிப்பில் தண்ணீர் படக்கூடாதே என்று கழற்றி, டப்பாவோடு சேர்த்து பனியன் மாட்டும் ஆணியில் மாட்டினேன். பெட்டி என்ன செய்யும், பாவம்? விரல் இல்லை, துடிப்பும் இல்லை. 'பல்ஸ் ஜீரோ' என்று ஸ்கூலுக்குத் தட்டிவிட்டது. கழற்றி வைத்தவனுக்கும் போய்ச் சேர்ந்தவனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. சாந்தா வீட்டு நம்பருக்கு அடித்துப் பார்த்திருக்கிறாள். நான் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். பாட்டு வேறு.

முதலில் வாய் திறந்தவர் ஆட்டோ டிரைவர்தான். "இன்னா சார், டீச்சர் கேம்ப் ரோடு பூரா அழுதுகினே வந்தாங்கோ. நீங்க இன்னாடான்னா சோப்பு போட்டுகினு கீறீங்க."

அழுதாளா? ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. கிட்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் கலைந்ததும் சொன்னாள்: "நாளையிலிருந்து நான் போகலைங்க. பசங்களுக்கு வேற டீச்சர் பார்த்துக்கட்டும்."

சாயங்காலம் விஷயம் தெரிந்து தீபா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க தப்புதான் ஆன்ட்டி. கழட்டுறவங்களும் இருப்பாங்கன்னு நாங்க யோசிக்கவே இல்ல."

யோசித்துப் பார்த்தால், அது அந்தப் பெண்களின் தப்பு மட்டுமா? 'நல்லா இருக்கேன்' என்று நானே சொல்ல அந்தப் பெட்டியில் வழி இல்லை. நாமும் அப்படித்தானே இருக்கிறோம் — கெட்ட சேதி என்றால் பறந்து பறந்து சொல்லுவோம். 'நல்லா இருக்கேன்' என்று சொல்வதற்கென்றே யார் ஃபோனை எடுக்கிறோம்? அண்ணனோ தம்பியோ நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிட்டால், 'யாருக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டுக்கொண்டே எடுப்பது அதனால்தான்.

இரண்டு பெண்களும் காலேஜ் லேபிலேயே பழியாகக் கிடந்து, டப்பாவில் ஒரு பச்சை பட்டன் வைத்துக்கொண்டு வந்தார்கள். கழற்றும் முன் அதை அழுத்தினால், 'பேஷன்ட் ஓகே, கிளிப் கழற்றுகிறார்' என்று எஸ்.எம்.எஸ். போகும். திரும்ப மாட்டியதும் 'பேஷன்ட் வந்துவிட்டார்' என்று இன்னொன்று. சாந்தா சமையலறையில் செல்போனோடு நின்றுகொண்டு, என்னைத் திரும்பத் திரும்ப அழுத்த வைத்தாள். இம்போசிஷன் எழுத வைப்பது மாதிரி. மறுநாள் காலை, டிஃபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் முதலில் கேட்ட கேள்வியே, "பேஷன்ட் இதைக் கழட்டி வெச்சா என்ன செய்வீங்க?" என்பதுதானாம். "அதுக்காகத்தான் காத்துட்டிருந்தோம் அங்கிள்" என்று தீபா சிரித்தாள். ஸ்வீட் பாக்ஸ் சாந்தாவுக்கு. எனக்கு ஆப்பிள்.

பெட்டி இப்போது அவர்கள் காலேஜில் இருக்கிறது. என் விரல் காலி. ஆனாலும் பழக்கம் விடவில்லை. குளியலும் இப்போது சாந்தா ஸ்கூலுக்குப் போன பிறகுதான். குளிக்கப் போகும் முன் சாந்தாவுக்கு ஒரு மிஸ்டு கால், வெளியே வந்ததும் இன்னொன்று. அவள் எடுப்பதில்லை. எடுத்தால் அர்த்தமே மாறிவிடும்.

கிளாஸில் மேஜை மேல் செல்போன் ஒரு தரம் அதிரும். சாந்தா சாக்பீஸை வைத்துவிட்டு நிற்பாள். கிளாஸே சத்தமில்லாமல் காத்திருக்கும். மறுபடி அதிர்ந்ததும் முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருமாம்:

"மிஸ், சார் குளிச்சிட்டு வந்துட்டார்."

புவியீர்ப்பு விசை அதற்கப்புறம்தான் தொடர்கிறதாம்.